குதிகால்ல வளர்ந்த எலும்பு: எக்ஸ்ரே பிடிச்சுக் கொடுத்த குற்றவாளி

இன்னைக்குக் கதை 2008 ஆகஸ்ட் 18, பெய்ஜிங் ஒலிம்பிக்ல ஆரம்பிக்குது. ‘பறவைக்கூடு’ன்னு எல்லாரும் கூப்பிட்ட அந்த ஸ்டேடியம் நிரம்பி வழியுது. 110 மீட்டர் தடை ஓட்டம், வெறும் முதல் சுற்று. ஆனா கூட்டம் வந்தது ஒரே ஒருத்தருக்காக: லியு ஷியாங். நாலு வருஷம் முன்னாடி ஏதென்ஸ்ல 12.91 செகண்டுல ஓடி தங்கமும் வாங்கி உலக சாதனையையும் சமன் செய்தவர். 2006ல லோசான்ல 12.88ன்னு அந்தச் சாதனையை முறியடிச்சவர். சீனாவுக்கு அந்த ஒலிம்பிக்கோட முகமே அவர்தான்.

துப்பாக்கி வெடிச்சது. வேற ஒரு வீரர் முந்திக்கிட்டதால ஓட்டத்தை உடனே நிறுத்திட்டாங்க. ஆனா அதுக்குள்ள லியு எடுத்து வெச்ச சில அடிகள்லயே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. மனுஷன் நொண்டுறார். கால்ல ஒட்டியிருந்த நம்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு அப்படியே உள்ள நடந்து போயிட்டார். அப்புறம் பத்திரிகையாளர்கள் முன்னாடி வந்த அவரோட கோச் சுன் ஹைபிங் பேச்சு வராம அழுதார்.

பிரச்சனை வலது குதிகால்ல. கெண்டைக்கால்ல இருந்து இறங்கி வர்ற தசைநாண் குதிகால் எலும்போட சேர்ற இடத்துல, இருக்கக் கூடாத இடத்துல எலும்பு உருவாகியிருந்தது. அந்த வருஷம் டிசம்பர்ல அமெரிக்காவுல ஹூஸ்டனுக்குப் போனார். தாமஸ் கிளான்டன் என்ற சர்ஜன் அந்த எலும்புத் துண்டுகளை ஆபரேஷன் செய்து எடுத்தார்.

லியு கதைக்குத் திரும்ப வருவோம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வலிக்குது; எக்ஸ்ரேல எலும்பு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. அப்போ அந்த முள்ளை எடுத்துட்டா வலி போயிடணும், இல்லையா? நம்ம ஊர்ல குதிகால் வலின்னு டாக்டர்கிட்ட போய்வந்த யாரை வேணும்னாலும் கேளுங்க, “எலும்பு வளர்ந்திருக்காம்”னுதான் முதல்ல சொல்வாங்க. படத்துல அவ்வளவு தெளிவா தெரியும். இந்த ‘தெளிவா தெரியுது’ என்பதுதான் நூறு வருஷத்துக்கும் மேல மருத்துவத்தையே சுத்தல்ல விட்டது. அந்த வரலாறுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல உடம்பு எப்படி அமைஞ்சிருக்குன்னு பார்த்துடலாம். குதிகால் எலும்பு பாதத்துலயே பெரிய எலும்பு. அதோட பின்பக்கத்துல அக்கிலிஸ் தசைநாண் வந்து ஒட்டுது. உடம்புலயே தடிமனான தசைநாண் இதுதான். நாம பேச்சுவழக்குல குதிகால் நரம்புன்னு சொல்றது. அதே எலும்போட அடிப்பக்கத்துல இருந்து பாதத்தோட வளைவைத் தாங்குற ஒரு தடிமனான பட்டை கிளம்பி விரல்கள் வரைக்கும் போகுது. வில்லுல நாண் கட்டின மாதிரி. எலும்பு முள் இந்த ரெண்டு இடத்துலயும் வரலாம்: பின்னாடி வந்தா அக்கிலிஸ் சேர்ற இடத்துல, அடியில வந்தா அந்தப் பட்டை பக்கத்துல. ரெண்டும் வேற வேற பிரச்சனை, ஆனா வரலாற்றுல ரெண்டும் ஒரே தப்புல மாட்டிக்கிச்சு.

இந்தத் தசைநாணைப் பார்த்து டாக்டர்கள் ரொம்ப காலம் பயந்தாங்க. ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வர்ற பழைய கிரேக்க எழுத்துக்கள், இதுல அடிபட்டாலோ வெட்டுப்பட்டாலோ கடும் காய்ச்சல் வரும், புத்தி பேதலிக்கும், கடைசியில ஆள் சாவான்னு எச்சரிக்குது. மூடநம்பிக்கைன்னு சிரிக்கத் தோணும். ஆனா கிருமின்னா என்னன்னு தெரியாத காலத்துல, ரத்த ஓட்டம் குறைவான ஒரு இடத்துல திறந்த காயம் ஏற்பட்டா நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

பேர் விஷயத்துல ஒரு சின்ன இடைச்செருகல். குதிகால்ல மட்டும் பலவீனம் உள்ள மாவீரன் அக்கிலிஸ் கதை ஹோமரோட இலியட்ல கிடையாது. அம்மா அவனை ஸ்டிக்ஸ் நதியில முக்கினாள் என்பது பல நூற்றாண்டு கழிச்சு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் எழுதினதுல வருது. தசைநாணுக்கு அவன் பேரை வெச்ச பெருமையை வழக்கமா ஃபிளெமிஷ் உடற்கூறியலாளர் ஃபிலிப் வெர்ஹேயனுக்குக் கொடுப்பாங்க, 1693ல வந்த அவரோட புத்தகத்துக்காக. வெர்ஹேயனுக்கு மாணவரா இருந்தப்பவே இடது காலை எடுத்துட்டாங்க. வெட்டின அந்தக் காலைப் பதப்படுத்தி வெச்சு அவரே அறுத்து ஆராய்ந்தார்னு ஒரு கதை உலவுது. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆதாரம் பலமா இல்ல.

பயம் எப்போ உடைஞ்சது? 1767 வாக்குல லண்டன்ல ஜான் ஹன்டர் என்ற பெரிய சர்ஜனுக்கே அக்கிலிஸ் அறுந்துபோச்சு. நடனம் ஆடிக் களைச்சுப்போன கால் அது. அவர் கத்தியைத் தொடல. குதிகாலை உயர்த்தி வெச்சு, கட்டுப் போட்டுக்கிட்டு நடந்தார். ஆர்வம் அடங்கல, நாய்களோட தசைநாணை வெட்டி, அது எப்படித் தானா ஒட்டுதுன்னு பரிசோதனை செய்து பார்த்தார். வெட்டுப்பட்ட தசைநாண் சேரும். காத்துப் படாம, மூடியே இருந்தா நல்லாவே சேரும்.

அடுத்த தலைமுறைக்கு இது துணிச்சல் கொடுத்தது. கோணல் பாதத்தோட பிறக்கிற குழந்தைகளுக்கு அக்கிலிஸ் இறுகிப்போய் குதிகால் தரையைத் தொடாது. 1816ல பிரான்சோட மோன்பெலியே நகர்ல டெல்பெக் என்ற சர்ஜன் ஒரு சிறுவனோட அக்கிலிஸை வெட்டி நீளமாக்கினார். காயம் சீழ்பிடிச்சது. கடைசியில பையன் கால் நேரானாலும், மத்த டாக்டர்கள் கண்டனம் பண்ணாங்க. டெல்பெக் அந்த ஆபரேஷனை மறுபடி செய்யவே இல்ல. (1832ல ஒரு முன்னாள் நோயாளியே அவரைச் சுட்டுக் கொன்னார். அது வேற ஆபரேஷன் தகராறு.)

ஜெர்மனியில ஹானோவர் நகர்ல ஸ்ட்ரோமையர் என்ற சர்ஜன் 1831ல அதே வேலையை வேற விதமா செய்தார். தோலைத் திறக்கவே இல்ல. மெல்லிய கத்தியை ஒரு சின்னத் துளை வழியா உள்ள விட்டு, தோலுக்கு அடியிலயே தசைநாணை வெட்டினார். மயக்க மருந்து 1846லதான் வருது, லிஸ்டரோட கிருமிநாசினி முறை 1867ல. இது ரெண்டும் இல்லாத காலத்துல துளை சின்னதா இருந்ததுதான் உயிரைக் காப்பாத்துச்சு.

அவர்கிட்ட 1836ல ஒரு இங்கிலீஷ் டாக்டர் வந்தார், டாக்டரா இல்ல, நோயாளியா. வில்லியம் ஜான் லிட்டில். சின்ன வயசுல போலியோ வந்து கால் கோணிப்போனவர். லண்டன்ல யாரும் கத்தி வைக்கத் தயாரா இல்ல. ஸ்ட்ரோமையர் வெட்டினார், கால் நேராச்சு. லிட்டில் ஊருக்குத் திரும்பி 1837ல இங்கிலாந்துல அதே ஆபரேஷனை செய்ய ஆரம்பிச்சார். அவர் தொடங்கின சின்ன நிலையம்தான் பின்னாடி ராயல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையா வளர்ந்தது. எலும்பு-மூட்டு மருத்துவம் என்ற துறையோட கணிசமான பகுதி இந்த ஒரு தசைநாணைத் தைரியமா வெட்டுறதுல இருந்து பிறந்ததுன்னு சொன்னா மிகையில்ல. லிட்டில் பேரை மறந்துடாதீங்க, கடைசியில ஒரு தடவை வருவார்.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். இதுவரைக்கும் யாரும் எலும்பு முள்ளைப் பத்திப் பேசவே இல்ல. குதிகால் வலி இருந்தது; ஆனா உள்ள எலும்பு நீட்டிக்கிட்டு இருக்குன்னு உயிரோட இருக்கிற ஆள்கிட்ட பார்க்க வழி இல்ல. லிட்டிலுக்கும் ஸ்ட்ரோமையருக்கும் தெரிஞ்சதெல்லாம் இழுப்புதான். எந்த நாண் இறுகியிருக்கு, எதைத் தளர்த்தினா பாதம் எப்படி நிக்கும். கையால தொட்டுப் பார்த்து யோசிச்சாங்க.

1895 நவம்பர்ல ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். அஞ்சே வருஷத்துல, 1900ல, பிளெட்னர் என்ற ஜெர்மன் டாக்டர் குதிகால் முள்ளை விவரிச்சு அதுக்குப் பேரும் வெச்சுட்டார். பக்கவாட்டுல எடுத்த படத்துல குதிகால் எலும்புக்கு அடியில கொக்கி மாதிரி ஒண்ணு. வலின்னு வந்த ஆள் காட்டின இடமும் ஏறக்குறைய அங்கதான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

நான் வேலை பார்க்கிற துறையில இதுக்கு ஒரு பழக்கமான உதாரணம் உண்டு. ப்ரோக்ராம் நின்னுபோனா ஸ்டாக் ட்ரேஸ்னு ஒண்ணு வரும், எந்த வரியில செத்துச்சுன்னு காட்டும். புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க நேரா அந்த வரிக்குப் போய் அதைத் திருத்துவாங்க. பிழை எங்கயோ மேல, பத்து ஃபங்ஷன் முன்னாடி இருக்கும். அந்த வரி விளைவு தெரிஞ்ச இடம், அவ்வளவுதான். எக்ஸ்ரே காட்டின முள்ளும் அப்படி ஒரு வரி.

முள் கிடைச்சாச்சு, அடுத்து அது ஏன் வருதுன்னு சொல்லணுமே. இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல டாக்டர்கள் பலர் கை காட்டினது வெட்டை நோயை. ஆமா, கொனோரியாவை. 1906ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸோட வில்லியம் பேயர், அடிக்குதிகால் முள் உள்ள ஆறு பேரைப் பத்தி ஒரு அறிக்கை எழுதினார். அந்தக் காலத்துலதான் இந்தக் கருத்து பரவினது. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கிற ஒரு போலீஸ்காரர் குதிகால் வலின்னு வர்றார். (இங்கிலீஷ்ல இந்த வலிக்கு போலீஸ்காரன் குதிகால்னே ஒரு பேர் உண்டு.) டாக்டர் படத்தைப் பார்த்துட்டு அவரோட ஒழுக்கத்தை விசாரிக்கிறார். வீட்டுல என்ன சொல்லியிருப்பார் அந்த மனுஷன்?

முழுக்க ஆதாரமில்லாத சந்தேகம்னும் சொல்லிட முடியாது. பாலியல் தொற்று வந்த சிலருக்கு, தொற்றுக்குப் பின்னாடி உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டுகளையும் தசைநாண் எலும்போட சேர்ற இடங்களையும் தாக்கும். குதிகால் அதுல முக்கியமான இடம். அப்படிப்பட்ட நோயாளிகளை அவங்க பார்த்திருக்கணும். ஆனா ஒரு சிலருக்குப் பொருந்தினதை முள் உள்ள எல்லார் தலையிலயும் கட்டினாங்க.

காரணம் எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான்: உளியால செதுக்கி எடு. இருபதாம் நூற்றாண்டோட முதல் பாதி முழுக்க சர்ஜன்கள் குதிகாலைப் பக்கவாட்டுலயும் சுத்திலும் வெட்டி முள்ளை எடுத்தாங்க. சிலருக்கு வலி போச்சு. சிலருக்குப் போகல. உடம்போட மொத்த எடையும் விழுற இடத்துல தழும்பு வந்து, பழைய வலியை விட அது மோசமா போனவங்களும் உண்டு. குழப்பமான விஷயம் என்னன்னா, எடுத்த முள் சிலருக்குத் திரும்ப வளர்ந்தது, ஆனா வலி வரல. வேற சிலருக்கு முள் சுத்தமா போயிடுச்சு, வலி அப்படியே இருந்தது. அப்புறம் வேற காரணத்துக்காகப் பாதத்தை எக்ஸ்ரே எடுத்த, குதிகால் வலியே தெரியாத ஏராளமானவங்களுக்கும் அதே முள் இருந்தது. வயசு ஏற ஏற இன்னும் அதிகமா. ஒரு குற்றவாளி எல்லா ஊர்லயும் இருக்கான், பெரும்பாலான ஊர்ல குற்றமே நடக்கல. அப்போ அவன்தான் செஞ்சான்னு எப்படி சொல்றது?

பின்பக்கத்துக்கு வருவோம். 1928ல ஸ்வீடன்ல பாட்ரிக் ஹாக்லுண்ட் என்ற சர்ஜன், குதிகால் எலும்போட பின்-மேல் மூலை புடைச்சிருந்தா அது ஷூவோட விறைப்பான பின்பக்கத்துல உரசி, தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கிற நீர்ப்பையை வீங்க வைக்குதுன்னு காட்டினார். இன்னைக்கும் அந்தப் புடைப்புக்கு அவர் பேர்தான். தீர்வு மறுபடியும் அதேதான்: புடைப்பைச் சீவு.

ஆனா 1939ல நியூயார்க்ல ஐசடோர் ஸாடெக் என்ற சர்ஜன் வேற மாதிரி யோசிச்சார். புடைப்பைத் தொடாம, குதிகால் எலும்போட நடுவுல மேல்பக்கத்துல இருந்து ஆப்பு வடிவத்துல ஒரு துண்டை வெட்டி எடுத்து, இடைவெளியை மூடினார். மரம் வெட்டுறவங்க ஆப்பு வெட்டின உடனே மரம் அந்தப் பக்கம் சாயும் பாருங்க, அந்த மாதிரி குதிகாலோட பின்பகுதி முன்னாடி சாயும். தசைநாணை அழுத்துற மூலை விலகும், தசைநாண் ஒட்டுற இடமும் கொஞ்சம் நகரும், இழுப்பு குறையும். அதாவது அவர் மாத்தினது கோணத்தை. அதிகம் பேர் பின்பற்றல. ஒரு நல்ல யோசனை அலமாரியில போய் உட்கார்ந்துக்கிச்சு.

முள் உண்மையிலேயே என்னன்னு பொறுமையா பார்க்க நூற்றாண்டு முடிய வேண்டியிருந்தது. 2000ல வேல்ஸோட கார்டிஃப்ல மைக் பெஞ்சமினும் கூட இருந்தவங்களும் எலிகளோட அக்கிலிஸைப் பல வயசுகள்ல நுணுக்கமா ஆராய்ந்தாங்க. அதுவரைக்கும் பாடப்புத்தகக் கதை இதுதான்: தசைநாண் இழுத்து இழுத்து எலும்புல சின்னச் சின்னக் கிழிசல் வருது, அழற்சி வருது, உடம்பு அதை எலும்பால ஒட்டுப்போடுது. பெஞ்சமின் குழு பார்த்தது வேற. கிழிசலும் அழற்சியும் இல்லாமலே முள் உருவாக முடியும். தசைநாண் எலும்போட சேர்ற இடத்துல இருக்கிற குருத்தெலும்பு, குழந்தையோட எலும்பு வளர்ற அதே முறையில, மெதுவா எலும்பா மாறுது. அவங்க முன்வெச்ச விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: முள் வளர்றதால தசைநாண் ஒட்டிக்கிற பரப்பு கூடுது. பாரம் அதிகமான இடத்துல உடம்பு பிடிமானத்தைப் பலப்படுத்திக்குது. அப்படிப் பார்த்தா நாம உளியால செதுக்கினது முட்டுக்கொடுத்த தூணை.

அடிக்குதிகால் முள்ளைப் பத்தி 2002ல பெஞ்சமினும் ஜப்பானோட குமாயும் பார்த்தப்போ இன்னொரு ஆச்சரியம். அந்த முள் நூறு வருஷமா சொன்ன மாதிரி பாதப்பட்டைக்குள்ள வளர்ந்து அதைக் குத்தல. பட்டைக்கு மேல இருக்கிற அடுக்குல இருந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவுல லெமான்ட் குழு, ஆபரேஷன்ல வெட்டி எடுத்த 50 பாதப்பட்டைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. ‘அழற்சி’ன்னு பேர் வெச்ச நோய்ல அழற்சியே காணோம். இழைகள் சிதைஞ்சு, தேய்ஞ்சு, பழுதாகிக் கிடந்தது. வலியோட இடம் எலும்புல இல்ல, அதுல ஒட்டியிருக்கிற மென்மையான பாகத்துல. எக்ஸ்ரேல அந்தப் பாகம் நிழலாக்கூட ஒழுங்கா விழாது.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆள் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன். வட ஸ்வீடன்ல ஊமியோ நகர எலும்பு சர்ஜன். அவருக்கே அக்கிலிஸ் வலி, மாசக்கணக்குல. அவரே பல இடத்துல சொன்னது இது: ஆபரேஷன் செய்யச் சொல்லி மேலதிகாரிகிட்ட கேட்டிருக்கார். நீங்க லீவுல படுத்துட்டா இங்க வேலை யார் பார்க்கிறதுன்னு அவர் மறுத்துட்டார். கோபத்துல ஆல்ஃப்ரெட்சன், சரி, நானே இதை அறுத்துக்கிட்டா ஆபரேஷன் செய்துதானே ஆகணும்னு முடிவு பண்ணி, வலிக்க வலிக்கப் படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா கீழ இறக்கி இறக்கி பயிற்சி செய்திருக்கார். அறுந்துபோகல. வலி போயிடுச்சு.

1998ல அதை ஒழுங்கான ஆய்வா வெளியிட்டார். ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 பேர். ஒரு பயிற்சியை 15 தடவை, மூணு சுற்று. அப்படி ரெண்டு பயிற்சி, காலை மாலைன்னு தினம் ரெண்டு வேளை. ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 பேரும் பழையபடி ஓடப் போனாங்க. வழக்கமான வைத்தியம் எடுத்த ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா உலகம் முழுக்க பிசியோதெரபி அறைகள்ல படிக்கட்டு நுழைஞ்சது.

ஆனா இது எல்லா அக்கிலிஸுக்கும் இல்ல. இதை யாரும் யூடியூப்ல சொல்றதில்ல. ஆல்ஃப்ரெட்சனோட நோயாளிகளுக்கு வலி தசைநாணோட நடுப்பகுதியில. 2003ல அதே குழு, எலும்போட சேர்ற இடத்துல வலி உள்ளவங்களுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்தப்போ 32 சதவீதம் பேருக்குத்தான் பலன். காரணத்தை யோசிச்சாங்க. குதிகாலைப் படி விளிம்புக்குக் கீழ இறக்குறப்போ தசைநாணோட முன்பக்கம் எலும்பு மேல அழுந்துது, நசுங்குது. அப்போ தரையில நின்னே செய்தா? 2008ல அப்படி மாத்திப் பார்த்ததுல 67 சதவீதம் பேருக்குத் திருப்தி. முள் எல்லாருக்கும் இருந்த இடத்துலயே இருந்தது. மாறினது கோணம். ஸாடெக் 1939ல எலும்பை வெட்டிச் செய்ததை இவங்க படிக்கட்டை விட்டு இறங்கிச் செய்தாங்க.

சரி, பயிற்சியில சரியாகாத மூணுல ஒருத்தர்? அவங்களுக்கு ஆபரேஷன் உண்மையான தேவை. இதுல கத்தியே தப்புன்னு யாராவது புரிஞ்சுக்கிட்டா அது நான் சொல்ல வந்தது இல்ல. இன்னைக்குப் பரவலா செய்றது இது: குதிகாலோட பின்பக்கத்தைத் திறந்து, தசைநாணை நடுவுல நீளவாக்குல பிளந்து, பழுதான இழைகளை வெட்டி எடுத்து, எலும்பு முள்ளையும் மூலையையும் சீவிட்டு, நூல் கோத்த சின்ன ஆங்கர்களை எலும்புல பதிச்சு தசைநாணை மறுபடி கட்டுறாங்க. சேர்ற பரப்புல பாதி வரைக்கும் பிரிச்சாலும் மீதி தாங்கும்னு 1999ல சோதனைக்கூடத்துல அளந்து பார்த்தாங்க. தசைநாண் ரொம்பப் பழுதா இருந்தா, பெருவிரலை மடக்குற தசைநாணை எடுத்துத் துணைக்குக் கட்டுவாங்க. வாரக்கணக்குல காலை ஊனக் கூடாது, முழுசா தேற ஒரு வருஷம் கூட ஆகலாம். இதுல முள்ளை எடுக்கிறது ஒரு படி மட்டும். பழுதான இழையை எடுக்காம முள்ளை மட்டும் எடுத்தா பாதி வேலைதான்.

லியு ஷியாங்குக்கு வருவோம். ஹூஸ்டன் ஆபரேஷனுக்குப் பின்னாடி ஒன்பது மாசம் கழிச்சு, 2009 செப்டம்பர்ல ஷாங்காய்ல 13.15 ஓடினார். 2010ல குவாங்ஜோ ஆசிய விளையாட்டுல 13.09ல தங்கம். 2011ல தெகுல உலக சாம்பியன்ஷிப் வெள்ளி, அதுவும் ஓட்டத்து நடுவுல பக்கத்துல ஓடின கியூபா வீரர் ரோப்லஸோட கை பட்டுத் தடுமாறின பிறகு. குதிகாலைத் திறந்து மூடின ஒருத்தர் உலகத்துல ரெண்டாவதா வந்தார். அந்த சர்ஜரியைத் தோல்வின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

2012 ஆகஸ்ட் 7, லண்டன். முதல் சுற்று, முதல் தடை. தாண்ட எம்பினப்போ கால் ஒத்துழைக்கல, தடையில மோதி விழுந்தார். அக்கிலிஸ் அறுந்திருந்தது. சுரங்கப்பாதைக்குப் போன மனுஷன் திரும்பி வந்தார். ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே தடங்களோட பக்கவாட்டுல போய், கடைசித் தடைக்கிட்ட நின்னு, குனிஞ்சு அதுக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டுக் கோட்டைக் கடந்தார். 2015ல ஓய்வு அறிவிச்சார். எலும்புத் துண்டுகளை எடுக்க முடிஞ்சது. பத்து வருஷத்துக்கும் மேல ஆயிரக்கணக்கான தடவை எம்பின தசைநாணோட தேய்மானத்தை எந்த உளியால எடுக்கிறது?

இப்போ லிட்டில். அவர் விரிவா விவரிச்ச, குழந்தைகளோட மூளைப் பாதிப்பால வர்ற தசை இறுக்கத்துக்கு லிட்டில் நோய்னு ரொம்ப நாள் பேர் இருந்தது. அந்த இறுக்கத்தால முன்பாதத்துலயே நடக்கிறவங்களுக்காக 1950ல ஸ்ட்ரேயர் என்ற அமெரிக்க சர்ஜன் ஒரு ஆபரேஷனை விவரிச்சார்: கெண்டைக்கால் தசையோட மேல் அடுக்கு தசைநாணா மாறுற இடத்துல வெட்டித் தளர்த்துறது. இப்போ அதே ஆபரேஷனை, எதுக்கும் மசியாத குதிகால் வலிக்கு, அடியில வர்றதுக்கும் பின்னாடி வர்றதுக்கும், பல சர்ஜன்கள் செய்றாங்க. வலி குதிகால்ல, கத்தி கெண்டைக்கால்ல. எங்க இழுக்குதுன்னு பார்த்து அங்க தளர்த்துறது. 1831ல ஸ்ட்ரோமையர் யோசிச்ச வழிதான், நடுவுல ஒரு எக்ஸ்ரே வந்து நூறு வருஷம் கண்ணைக் கட்டிடுச்சு.

ஸாடெக்கோட ஆப்பும் அலமாரியில இருந்து இறங்கிடுச்சு. இப்போ அதைப் பெரிய வெட்டு இல்லாமலே, சில மில்லிமீட்டர் துளை வழியா சின்ன சுழல் கருவியை விட்டு எலும்பை ஆப்பு வடிவத்துல அரைச்சு எடுத்து, ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடிக்கிறாங்க. தசைநாணைப் பிரிக்கிறதில்ல. முள்ளையும் பெரும்பாலும் தொடுறதில்ல. சில மாசம் கழிச்சு, செருப்பு மாட்டிக்கிட்டு சாதாரணமா நடந்து வர்ற நோயாளியைப் பரிசோதனைக்காக எக்ஸ்ரே எடுப்பாங்க. படத்துல ஸ்க்ரூ தெரியும். அதுக்குப் பின்னாடி, 1900ல பிளெட்னர் காலத்துல தெரிஞ்ச அதே தெளிவோட, முள் அங்கேயே நின்னுக்கிட்டிருக்கும்.